அபின் போர் எதற்காக நடந்தது, இந்தியாவுக்கு அதில் என்ன பங்கு?

1839-ல் தொடங்கி 1842-ல் முடிந்த முதல் அபின் போர் உண்மையிலேயே அபினுக்காக நடந்ததா, இல்லை, சீனா தன் துறைமுகங்களைத் திறக்க மறுத்ததால் வந்ததா, இந்தியாவுக்கு இதில் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதுதான் கேள்வி. நேராகவே சொல்லிவிடுகிறேன். அபினுக்காகத்தான் நடந்தது. "சுதந்திர வணிகத்துக்காக" என்ற வாதம் அன்றைக்கே லண்டனில் சொல்லப்பட்டது, இன்றைக்கும் சொல்கிறார்கள், ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அது நிற்காது. அந்த அபின் விதைப்பு முதல் ஏலம் வரை ஓர் அரசாங்கத்தின் ஏகபோகத்தில் இருந்த சரக்கு. அந்த அரசாங்கம் கல்கத்தாவில் இருந்தது. அதனால் பிரிட்டன், சீனா என்று இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் போரைச் சொன்னால் நடுவில் இருக்கும் முக்கியமான ஆள் விட்டுப்போகிறார். சரக்கு விளைந்தது இந்தியாவில், படை கிளம்பியதும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. நம் மதராஸ் சிப்பாய்களும் அதில் போய்ச் செத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தேயிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களுக்குத் தேநீர் பைத்தியம் பிடித்தது. அப்போது விற்பனைக்குத் தேயிலை கிடைத்த ஒரே பெரிய இடம் சீனா. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்ததே 1839 ஜனவரியில்தான். 1784-ல் பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்ததும் விற்பனை எகிறியது. பிறகு வரியை மறுபடி ஏற்றினார்கள். 1830-களில் தேயிலை வரி மட்டுமே வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது, பிரிட்டிஷ் அரசின் மொத்த வருமானத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஆக, தேயிலை வந்துகொண்டே இருப்பது அவர்களுடைய கருவூலத்தின் கவலையாகவும் ஆகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், இவர்கள் விற்க நினைத்த கம்பளித் துணியையும் கடிகாரத்தையும் சீனர்கள் பெரிதாக வாங்கவில்லை. இந்தியப் பருத்தி ஓரளவு போனது. மீதிக்கெல்லாம் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. 1793-ல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி பிரபு பரிசுப் பொருள்களோடு சீனத் தலைநகர் பீக்கிங் போய், இன்னும் சில துறைமுகங்களைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார். சியான்லாங் பேரரசர் மறுத்துவிட்டார், எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்ற தோரணையில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடிதமும் கொடுத்தனுப்பினார்.

சீனா கதவை மூடி வைத்திருந்தது என்ற வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1757-லிருந்து ஐரோப்பியர் தென் சீனாவின் காண்டன் என்ற ஒரே துறைமுக ஊரில்தான் வணிகம் செய்யலாம். அதுவும் 'ஹாங்' எனப்பட்ட, அரசு அனுமதி பெற்ற சில வணிகர்கள் மூலமாக மட்டும். மனைவியைக் கூட்டிவரக் கூடாது, பருவம் முடிந்தால் பக்கத்தில் போர்ச்சுகீசியர் வசம் இருந்த மக்காவ் ஊருக்குப் போய்விட வேண்டும், நகரத்துக்குள் நுழையக் கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. எரிச்சலான ஏற்பாடுதான். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயேதான் எண்பது வருஷம் தேயிலை வணிகம் வளர்ந்துகொண்டே போனது. ஹாங் வணிகர்களின் தலைவராக இருந்த ஹௌகுவா 1834-ல் தன் சொத்தை 2 கோடியே 60 லட்சம் வெள்ளி டாலர் என்று கணக்குச் சொன்னார், அன்றைய உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவர் வாக்கை நம்பி ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றினார்கள். கெடுபிடி இருந்தது என்பதற்காக யாரும் போர் தொடுக்கவில்லை. போர் வந்தது அபின் பெட்டிகள் அழிக்கப்பட்ட பிறகு.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளம், பீகார் பகுதி அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1797 முதல் உற்பத்தியையும் நேரடியாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. பாட்னாவில் ஒரு ஏஜென்சி, காசி வட்டாரத்துக்கு இன்னொன்று. காசி வட்டாரத்தின் தொழிற்சாலை காஜிபூரில். கம்பெனியின் அனுமதி இல்லாமல் யாரும் பயிரிடக் கூடாது, விளைந்ததை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, விலையை நிர்ணயிப்பதும் கம்பெனிதான். விவசாயிக்கு விதைப்புக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷமும் அதே பயிர்தான்.

வேலையையும் பாருங்கள். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அந்தச் செடிதான். குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்து, களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சி, தை மாசி வாக்கில் பூ உதிர்ந்து காய் திரண்டதும், பின் மதியத்தில் ஒவ்வொரு காயையும் சின்னக் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். ராத்திரி முழுக்கப் பால் கசிந்து காயின் மேலேயே கெட்டியாகும். காலையில் வெயில் ஏறுவதற்குள் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே காயில் சில நாள் இடைவெளி விட்டு நாலைந்து தடவை. வீட்டில் இருக்கும் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வயலில் இறங்கினால்தான் முடியும். உதிர்ந்த இதழ்களைக்கூட வீணாக்குவதில்லை. பொறுக்கிக் கொண்டுவந்து சட்டியில் போட்டு ரொட்டி மாதிரி தட்டையாகச் சுட்டுக் கொடுக்க வேண்டும், அபின் உருண்டைக்கு மேல் ஓடு போலச் சுற்றுவதற்கு அதுதான். பாட்னா கிடங்கில் அந்த உருண்டைகளை, ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டு அளவு, கூரை உயரத்துக்கு அடுக்குகளில் வரிசையாக வைத்துக் காயவிடுவார்கள். சின்னப் பையன்கள் அந்த அடுக்குகளில் ஏறிப் பூச்சி விழாமல் துடைத்துத் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பார்கள். நாற்பது உருண்டை சேர்ந்தால் ஒரு பெட்டி, சுமார் 63 கிலோ. கங்கை வழியாகப் படகில் கல்கத்தா போகும்.

கல்கத்தாவில் ஏலம். அதோடு கம்பெனியின் வேலை காகிதத்தில் முடிந்துவிடும். சீனாவில் அபினுக்குத் தடை இருந்தது. 1729-லேயே முதல் தடை, பிறகு 1796, 1799 என்று மேலும் மேலும் இறுக்கினார்கள். அதனால் கம்பெனி தன் சொந்தக் கப்பலில் ஒரு பெட்டியைக்கூட ஏற்றவிடாது, ஏற்றினால் தேயிலை வணிகமே போய்விடும். ஏலத்தில் எடுக்கும் தனியார் வணிகர்கள் கொண்டுபோய்க் கள்ளத்தனமாக விற்பார்கள், கிடைத்த வெள்ளியைக் காண்டனில் இருக்கும் கம்பெனி அலுவலகத்தில் கட்டிவிட்டு, லண்டனிலோ கல்கத்தாவிலோ மாற்றிக்கொள்ளும் உண்டியல் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். கம்பெனி அந்த வெள்ளியைக் கொடுத்தே தேயிலை வாங்கும். அதாவது சீனர்கள் அபினுக்குக் கொடுத்த வெள்ளி காண்டனிலேயே கை மாறித் தேயிலை விலையாக அவர்களிடமே திரும்பியது. பிரிட்டனிலிருந்து வெள்ளி அனுப்ப வேண்டிய தேவையே போயிற்று. கம்பெனி அதிகாரிகளுக்குத் தங்கள் சரக்கு எங்கே போகிறது என்று தெரியாதா? சீனர்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று விசாரித்து அதற்கேற்பத்தான் பெட்டியே கட்டினார்கள்.

கம்பெனிக்கு வெளியே இன்னொரு அபின் இருந்தது, மத்திய இந்தியாவின் சமஸ்தானங்களில் விளைந்த மால்வா அபின். அது பம்பாய் வழியாகப் போனது, கம்பெனி அதற்கு வழிவரி வசூலித்தது. பம்பாயின் பார்சி வணிகர்கள் பலர் இதில் பெரும் பணம் சேர்த்தார்கள். மிகப் பெரிய பெயர் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய், காண்டனில் அபின் விற்ற பிரிட்டிஷ் வணிகர் ஜார்டினின் கூட்டாளி. போர் முடிந்த அதே 1842-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது, அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர். மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனை அவர் பெயரில்தான் இருக்கிறது. அமெரிக்கர்களும் சும்மா இல்லை, துருக்கி அபினைக் கொண்டுபோய் விற்றார்கள். ஆக நமக்கும் இதில் இரண்டு பக்கமும் பங்கு உண்டு, பீகார் விவசாயி ஒரு பக்கம், பம்பாய் வணிகர் இன்னொரு பக்கம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது சரியில்லை.

மால்வாவின் போட்டி வந்ததும் கம்பெனி என்ன செய்தது? உற்பத்தியைக் கூட்டியது. 1820 வாக்கில் வருஷத்துக்கு நாலைந்தாயிரம் பெட்டி போய்க்கொண்டிருந்த இடத்தில் 1838-39-ல் கிட்டத்தட்ட 40,000 பெட்டி. நடுவில் 1834-ல் சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகத்தை லண்டன் நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. அதன் பிறகு ஜார்டின், மேத்தசன், டென்ட் போன்ற தனியார்களுக்கு வானமே எல்லை. கவனியுங்கள், ரத்தானது தேயிலை வாங்கும் ஏகபோகம். இந்தியாவில் அபின் விளைவிக்கும் ஏகபோகம் அப்படியே இருந்தது. சுதந்திர வணிகம் பேசிய யாரும் அதைத் தொடவில்லை.

காண்டனுக்கு வெளியே முத்து ஆற்று முகத்துவாரத்தில் லின்டின் என்று ஒரு தீவு. அங்கே பழைய கப்பல்களை நங்கூரம் போட்டு மிதக்கும் கிடங்காக வைத்திருந்தார்கள். சீனக் கடத்தல்காரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாகத் துடுப்பு போடுகிற நீளமான படகுகளில் வந்து, பணம் கட்டிய சீட்டைக் காட்டிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். தடுக்க வேண்டிய சுங்க அதிகாரிகளுக்கும் ரோந்துப் படகுகளுக்கும் பெட்டிக்கு இவ்வளவு என்று மாமூல். அன்று சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் ச்சிங் அரசின் ஊழல் இல்லாமல் இந்த வணிகம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது, அதில் சந்தேகமே வேண்டாம்.

விளைவு என்ன? புகைத்தவர்கள் அழிந்தது ஒரு பக்கம், புகைக்காதவர்களையும் அது விடவில்லை. சீன விவசாயி அன்றாடம் கையாள்வது செப்புக்காசு, அரசுக்கு வரி கட்டுவதோ வெள்ளிக் கணக்கில். அபினுக்குக் கொடுத்த வெள்ளி தேயிலை விலையைத் தாண்டியதும் மிச்சம் நாட்டை விட்டு வெளியேறியது, வெள்ளியின் மதிப்பு ஏறியது. முன்பு ஒரு தேல் (சீன எடை அளவு) வெள்ளிக்கு ஆயிரம் காசு என்றிருந்தது 1830-களின் இறுதியில் 1,600 வரை போனது. அதே வரிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் காசு கொடுக்க வேண்டும். அபினைக் கண்ணால் பார்க்காத ஊரிலும் வரிச்சுமை ஏறிவிட்டது. வெள்ளி வெளியேறியதற்கு உலகச் சந்தையில் வேறு காரணங்களும் இருந்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பீக்கிங்கில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அபின்தான்.

அரசவையில் பெரிய விவாதம் நடந்தது. 1836-ல் ஷூ நாய்ஜி என்ற அதிகாரி, தடுக்க முடியவில்லை, பேசாமல் சட்டபூர்வமாக்கி வரி போடுவோம் என்று எழுதினார். 1838-ல் ஹுவாங் ஜுவேஸி என்பவர், ஒரு வருஷம் அவகாசம் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகும் புகைப்பவனுக்கு மரண தண்டனை என்று எழுதினார். டாவ்குவாங் பேரரசர் கடுமையான பக்கம் சாய்ந்து, லஞ்சம் தொடாதவர் என்று பெயர் எடுத்த லின் சேஷுவைக் காண்டனுக்கு அனுப்பினார். 1839 மார்ச் 10-ல் அவர் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் விசாரித்தார். 18-ஆம் தேதி ஹாங் வணிகர்களைக் கூப்பிட்டு, வெளிநாட்டவர் கையில் இருக்கும் அபின் முழுக்க வர வேண்டும், இனி கொண்டுவர மாட்டோம் என்று பத்திரமும் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். மழுப்பியதும் 24-ஆம் தேதி அவர்கள் தங்கியிருந்த வளாகத்தைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டார். சுமார் 350 பேர் உள்ளே. சமையல்காரர்களும் வேலையாட்களும் வெளியே அனுப்பப்பட, பெரிய பெரிய வணிகர்கள் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி. ஆனால் யாரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை.

இங்கேதான் கதையின் முடிச்சு விழுகிறது. பிரிட்டிஷ் அரசின் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், தனிப்பட்ட முறையில் அபின் வணிகத்தை வெறுத்தவர். அவர் வணிகர்களிடம், உங்கள் அபினை என்னிடம் ஒப்படையுங்கள், பிரிட்டிஷ் அரசின் பெயரில் நான் வாங்கிக்கொண்டு லின்னிடம் கொடுக்கிறேன், இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பு என்று எழுத்தில் அறிவித்தார். வணிகர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. லின்னின் கெடுபிடியால் பல வாரமாக ஒரு பெட்டிகூட விற்கவில்லை, இப்போது மொத்தச் சரக்குக்கும் அரசே உத்தரவாதம். 20,283 பெட்டியைக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தோடு கடத்தல் சரக்கு பிரிட்டிஷ் மகுடத்தின் சொத்தாகிவிட்டது. அதை லின் அழித்தால் வணிகரோடு சண்டை இல்லை, பிரிட்டனோடு சண்டை.

லின்னுக்கு இது தெரியாது. ஜூன் 3 முதல் மூன்று வாரத்துக்கு மேல், ஹூமன் கடற்கரையில் குளங்கள் வெட்டி, தண்ணீர் விட்டு, உப்புக் கொட்டி, உருண்டைகளை உடைத்துப் போட்டு ஊறவைத்து, மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். குளம் கொதித்துப் புகைந்தது. கூலியாட்கள் பலகைகளின் மேல் நின்றுகொண்டு கிளறிவிட, நீர் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து கடலில் விட்டார்கள். ஆயிரம் டன்னுக்கு மேல். அள்ளி மறைக்கப் பார்த்தவனுக்கு அங்கேயே தலை போயிற்று. பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பாதிரியார் நேரில் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். தொடங்குவதற்கு முன் லின் கடல் தெய்வத்துக்குப் பூசை போட்டு, இந்தக் கசடு வருகிறது, நீர்வாழ் உயிர்களைக் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கச் சொல் என்று வேண்டிக்கொண்டார். எனக்கு லின் மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். விக்டோரியா ராணிக்கும் ஒரு கடிதம் எழுதினார், உங்கள் மக்களுக்குக் கேடு என்று தெரிந்த பொருளை எங்கள் மக்களுக்கு எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டு. உண்மையில் பிரிட்டனில் அன்றைக்கு அபின் சட்டபூர்வமாகக் கடையிலேயே கிடைத்தது, அது அவருக்குத் தெரியவில்லை. பதில் எதுவும் வரவில்லை.

"வணிக உரிமைக்காக" என்ற வாதத்தை உடைக்க எனக்குப் போதுமான சம்பவம் அந்த நவம்பரில் நடந்தது. அபின் கைக்கு வந்த பிறகு லின் சட்டபூர்வ வணிகத்தை மறுபடி திறந்துவிட்டார். அபின் கொண்டுவர மாட்டேன் என்று பத்திரம் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வந்து தேயிலை வாங்கலாம் என்றார். தாமஸ் கௌட்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டன் அப்படியே கையெழுத்துப் போட்டு வணிகம் செய்தார். எலியட்டுக்கு அது பிடிக்கவில்லை. மீறினால் மரண தண்டனை என்ற பத்திரத்தில் ஆங்கிலேயர் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவர் வாதம். நவம்பர் 3-ல் ராயல் சாக்ஸன் என்ற இன்னொரு கப்பலும் அதே மாதிரி உள்ளே போகப் புறப்பட்டபோது, பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதன் குறுக்கே சுட்டது. குவான் டியான்பெய் தலைமையில் இருந்த சீனப் படகுகள் அந்த வணிகக் கப்பலைக் காப்பாற்ற முன்னே வந்தன. சற்று நேரத்தில் சீனப் படகுகள் பல சிதறிப்போயின. யோசித்துப் பாருங்கள், சட்டப்படி வணிகம் செய்யப் போன பிரிட்டிஷ் கப்பலைத் தடுத்தது பிரிட்டிஷ் கடற்படை, காக்க வந்தது சீனக் கடற்படை. சுதந்திர வணிகத்துக்கான போர் இப்படியா தொடங்கும்?

லண்டனில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் ஜார்டின் ஏற்கெனவே அங்கே போய்விட்டார். வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனைச் சந்தித்து, வரைபடம் முதல் எத்தனை கப்பல் தேவை என்பது வரை யோசனை கொடுத்தார். எலியட் வாக்குக் கொடுத்த சுமார் 20 லட்சம் பவுண்டு இழப்பீட்டைக் கொடுக்க அமைச்சரவையிடம் பணமும் இல்லை, நாடாளுமன்றத்தில் கேட்கத் தைரியமும் இல்லை. சீனாவிடமே வசூலிப்பது என்று முடிவானது. 1840 ஏப்ரலில் மூன்று நாள் விவாதம். இளம் எம்.பி.யாக இருந்த கிளாட்ஸ்டன், தொடக்கத்திலேயே இவ்வளவு அநியாயமான, நாட்டுக்கு இவ்வளவு நிரந்தர அவமானம் தேடித் தரக்கூடிய போரைத் தான் அறிந்ததும் இல்லை, படித்ததும் இல்லை என்று பேசினார். வாக்கெடுப்பில் அரசு 271-க்கு 262 என்று ஒன்பது வாக்கில் தப்பியது. ஒன்பது வாக்கு!

போரின் சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை, பெரும்பாலும் ஒருதலையானவை. நெமிசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் ஆழம் குறைந்த ஆற்றுக்குள்ளும், காற்று இல்லாத நேரத்திலும் புகுந்து புறப்பட்டது. எதிரே மரப் படகுகளும் அசையாத கோட்டைப் பீரங்கிகளும். 1841 பிப்ரவரியில் கோட்டையைக் காத்து நின்றபடியே குவான் டியான்பெய் செத்தார். லின்னைப் பேரரசர் அதற்கு முன்பே பதவி நீக்கி, பிறகு தொலைதூர இலி பகுதிக்கு நாடு கடத்தினார்.

படையை யார் அனுப்பினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்ட் பிரபுதான் ஏற்பாடுகளைச் செய்தார், அதே நேரத்தில் ஆப்கானிஸ்தானிலும் போர் நடத்திக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களோடு வங்காளத் தொண்டர் படையும், மதராஸிலிருந்து 37-ஆவது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியக் காலாட்படையும், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும், மதராஸ் பீரங்கிப் படையும் போயின. 1842-ல் 2, 6, 14, 41 எண் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட்களும் சேர்ந்துகொண்டன. தமிழ், தெலுங்கு பேசுபவர்களும் தக்காண முஸ்லிம்களும் கலந்த படைகள் இவை. 37-ஆவது ரெஜிமென்ட்டின் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு போன கோல்கொண்டா என்ற கப்பல் 1840-ல் புயலில் சிக்கிச் சீனா போய்ச் சேரவே இல்லை.

மீதிப் பேர் 1841 மே மாதம் காண்டனுக்கு வடக்கே குன்றுகளில் இருந்தார்கள். நகரம் 60 லட்சம் டாலர் கப்பம் கட்டச் சம்மதித்து, சண்டை நின்றிருந்த சமயம். படையினர் சுற்றுக் கிராமங்களில் புகுந்து கொள்ளையடித்தார்கள், கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள். மே 30-ல் சான்யுவான்லி பகுதியில் ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டி, மண்வெட்டி, வாள் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரண்டுவிட்டார்கள். பெருமழை பிடித்தது, வயல் எது பாதை எது என்று தெரியவில்லை. 37-ஆவது ரெஜிமென்ட்டின் ஓர் அணி, அறுபது பேர் அளவில், தனியே மாட்டிக்கொண்டது. அவர்களிடம் இருந்தது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி. மருந்து நனைந்துபோய் ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரமாக வியூகம் போட்டு, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு இருட்டும் வரை நின்றார்கள். கிராமத்தார் நீளக் கழியில் கொக்கி கட்டி ஒவ்வொருவராக வெளியே இழுக்கப் பார்த்தார்கள். மழையிலும் வெடிக்கும் புது வகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் மீண்டார்கள். சீனாவில் இன்றைக்கு இது பள்ளிப் பாடம், மக்கள் எதிர்ப்பின் தொடக்கம் என்று நினைவுத் தூண் இருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் நின்றவர்கள் மதராஸ்காரர்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வயலை மிதித்தவர்கள் பக்கம் நின்றவர்கள் அவர்கள். அதே சமயம் யாருடைய லாபத்துக்கு அங்கே நிற்கிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடுமை. 1841 செப்டம்பரில் நெர்புடா என்ற கப்பல் தைவான் கரையில் கீலுங் அருகே தரை தட்டியது. மொத்தம் 274 பேர், அதில் 243 பேர் இந்தியர்கள், பெரும்பாலும் படைக்கு ஊழியம் செய்யப் போனவர்கள். கப்பலில் இருந்த ஐரோப்பியர் அத்தனை பேரும் படகுகளில் ஏறிப் போய்விட்டார்கள். இந்தியர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கரைக்கு வந்தவர்களைச் சீன அதிகாரிகள் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் ஆன் என்ற இன்னொரு கப்பலும் அந்தக் கரையிலேயே உடைந்தது, அதில் வந்தவர்களுக்கும் அதே கதி. தைவான் அதிகாரிகளோ எதிரிக் கப்பல்களைப் போரிட்டுப் பிடித்ததாகப் பேரரசருக்கு எழுதினார்கள். 1842 ஆகஸ்ட் 10-ல், சமாதான ஒப்பந்தத்துக்கு மூன்று வாரம் கூட இல்லாத நிலையில், தைனானில் 197 பேரின் தலையை வெட்டினார்கள். சிறையிலும் பலர் செத்தார்கள். இரண்டு கப்பலிலும் சேர்த்து உயிரோடு விடுவிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இரு தரப்பும் சேர்ந்து கைவிட்ட இந்த மனிதர்களைப் பற்றி இந்தியாவில் ஒரு நினைவுக்கல்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அபின் போரைப் பற்றி யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

1842 ஜூலையில் ஜென்ஜியாங் நகரம் வீழ்ந்தது. அங்கே இருந்த மஞ்சு வீரர்கள் பலர் தங்கள் மனைவி மக்களைக் கொன்றுவிட்டுத் தாங்களும் செத்தார்கள். அந்த நகரம் போனதும் பீக்கிங்குக்கு அரிசி போகும் பெருங்கால்வாய் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் பேரரசருக்கு வழியில்லை. ஆகஸ்ட் 29-ல் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, இழப்பீடு 2 கோடியே 10 லட்சம் டாலர். அதன் கணக்கைப் பார்த்தாலே முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். போர்ச் செலவுக்கு 1 கோடியே 20 லட்சம், ஹாங் வணிகர்களின் கடனுக்கு 30 லட்சம், அழித்த அபினுக்கு 60 லட்சம். கடத்தல் சரக்கை அழித்ததற்கு, கடத்தப்பட்ட நாடே விலை கொடுத்தது. அந்த விலையைத் தவிர, அபின் இனி சட்டபூர்வமா இல்லையா என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வணிகம் பழையபடி, இன்னும் தைரியமாக நடந்தது.

இரண்டாம் போர் 1856 முதல் 1860 வரை. ஆரோ என்ற படகில் சீனப் போலீஸ் ஏறிச் சோதனை போட்டதைச் சாக்காக வைத்துப் பிரிட்டனும், பாதிரியார் ஒருவர் கொல்லப்பட்டதைச் சொல்லிப் பிரான்ஸும் சேர்ந்து நடத்தியது. கடைசியில் பேரரசரின் கோடை அரண்மனையையே கொளுத்தினார்கள். நம் விஷயத்துக்கு முக்கியமானது 1858-ல் நடந்த சுங்க உடன்பாடு: ஒரு பிகல், அதாவது சுமார் 60 கிலோ அபினுக்கு 30 தேல் வரி. அன்றோடு அபின் சீனாவில் சட்டபூர்வச் சரக்கு. போர் வெளிப்படையாகக் கேட்காத ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு வரை அபின் கொடுத்த காலம் இது.

ஒரு எதிர்வாதம் எப்போதும் வரும். வாங்கினவன் இருந்ததால்தானே விற்றான், பிற்காலத்தில் சீனர்களே இந்தியாவைவிட அதிகமாக அபின் பயிரிட்டார்களே என்பார்கள். உண்மைதான், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிச்சுவான், யுன்னான் பகுதிகளில் விளைந்தது இறக்குமதியை எங்கோ மிஞ்சிவிட்டது. ஆனால் அது நடந்தது ஓர் அரசாங்கம் தடுக்க முயன்று, அதற்காகப் பீரங்கியால் அடிபட்டு, சட்டபூர்வமாக்கும்படி ஆன பிறகு. இனி வெளியிலிருந்து வருவதைத் தடுக்க முடியாது என்றான பின் வெள்ளியாவது உள்ளே இருக்கட்டும் என்று உள்ளூர்ச் சாகுபடியைக் கண்டும் காணாமல் விட்டார்கள். புகைத்த எல்லோரும் எலும்புக்கூடாகிச் சாகவும் இல்லை, அளவோடு நிறுத்தியவர்கள் பலர், மருந்தாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாடு தன் எல்லைக்குள் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்லும் உரிமை அதனால் இல்லாமல் போய்விடாது.

1907-ல்தான் பிரிட்டன் இறங்கி வந்தது. பத்து வருஷத்தில் படிப்படியாக ஏற்றுமதியைக் குறைப்பது என்று உடன்பாடு போட்டார்கள், 1913-லேயே இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் விற்பது நின்றது. காஜிபூர் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது, இப்போது இந்திய அரசின் நிறுவனமாக, மருந்துக்கான அபினைப் பதப்படுத்துகிறது. பயிரிட இன்றைக்கும் அரசு உரிமம் வேண்டும், விளைந்ததை அரசிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும், விலையும் அரசே நிர்ணயிக்கிறது. கம்பெனி போட்ட ஏற்பாட்டின் சட்டகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, சரக்கு போகும் இடம்தான் மாறியிருக்கிறது.